முதலமைச்சருக்கு எதற்குத் 'தந்தி'?

காக்களூரில் எங்கள் பக்கத்து வீட்டு மாணவி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். டிரங்குப் பெட்டிக்குள் விரித்திருந்த பழைய செய்தித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். "சார், குடிநீர் கேட்டு கிராம மக்கள் முதலமைச்சருக்குத் தந்தி கொடுத்தார்கள் என்று போட்டிருக்கிறதே, அவர் வீட்டில் பேப்பர் வாங்க மாட்டார்களா?" என்று கேட்டாள்.

சிரிக்காதீர்கள் குழந்தைகளே! இன்று தந்தி என்றால் டீக்கடையில் கிடக்கும் பேப்பர்தானே நம் நினைவுக்கு வருகிறது? ஆனால் 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் 'தினத்தந்தி'யைத் தொடங்கியபோது, அந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு 'அவசரச் செய்தி' என்ற நினைப்புதான் முதலில் வந்திருக்கும்.

தந்தி என்றால் கம்பி, நரம்பு என்று பொருள். வீணையில் உள்ள 7 கம்பிகளும் தந்திகளே. பிறகு மின்சாரக் கம்பி வழியாகச் செய்தி அனுப்பும் முறை வந்தது. நம் நாட்டில் 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே முதல் கம்பி இழுக்கப்பட்டது. அந்தக் கம்பிக்கும் தந்தி என்று பெயர், அதில் போன செய்திக்கும் தந்தி என்றே பெயர்! 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து நம் திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடுக்கு ஓடியது. ரயில் பாதைகள் ஓரம் நின்றவை தந்திக் கம்பங்கள். செய்தி அனுப்பும் கருவியைத் தட்டியதால் 'தந்தி அடித்தார்' என்றார்கள்.

பத்திரிகைகளுக்கு இது பெரிய வரம். அதற்கு முன் லண்டன் செய்தி கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும். 1870-ல் பம்பாய்க்கும் இங்கிலாந்துக்கும் கடலடிக் கம்பி போட்ட பிறகு, சில மணி நேரத்தில் செய்தி வந்தது. 'ரூட்டர் தந்தி' என்று குறிப்பிட்டுச் செய்தி போடுவார்கள். தந்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். 1904-ல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியாருக்கு, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதும் ஒரு வேலை.

பழைய பேப்பரைப் புரட்டினால் இந்தச் சொல் எத்தனை வேடம் போடுகிறது பாருங்கள்! தலைவருக்குப் பிறந்தநாள் என்றால் வாழ்த்துத் தந்தி. ஒருவர் மறைந்தால் அனுதாபத் தந்தி. அநியாயம் நடந்தால் கண்டனத் தந்தி. நம் மாணவி படித்தது கோரிக்கைத் தந்தி. தந்தி கொடுத்தால் தேதி போட்ட ரசீது கிடைக்கும். அதனால் பிறகு யாரும் 'எங்களுக்குத் தெரியாதே' என்று சொல்லித் தப்ப முடியாது. கிராமத்தார் சும்மா காசு செலவழிக்கவில்லை!

ஆனால் எனக்கு மறக்காதது வேறு தந்தி. சொற்களை எண்ணிக் காசு வாங்குவார்கள் என்பதால் 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்று நாலே சொல்லில் முடித்துவிடுவார்கள். தந்திச் சேவகர் சைக்கிளில் தெருவுக்குள் நுழைந்தாலே பெண்கள் வாசலுக்கு வந்து நெஞ்சில் கை வைத்து நிற்பார்கள். ஆங்கிலம் படிக்க வாத்தியாரிடம்தானே வரவேண்டும்? நான் உறையைப் பிரிப்பதற்குள்ளேயே அழுகை தொடங்கிவிடும். ஒருமுறை அப்படி ஓர் அம்மா அழுதுகொண்டே கொண்டுவந்ததைப் பிரித்தால், மகனுக்கு வேலை கிடைத்த செய்தி! அவர் அழுகையை நிறுத்தவே இல்லை. இப்போது சந்தோஷத்தில் அழுதார்.

அதனால் பழைய செய்தியில் 'தந்தி கிடைத்ததும் ஊருக்கு விரைந்தார்' என்று மட்டும் இருந்தால், வீட்டில் ஏதோ விபரீதம் என்று வாசகருக்குப் புரிந்துவிடும். மேலே ஒன்றும் எழுதத் தேவையில்லை.

குளிரில் பல் 'தந்தி அடிக்கிறது' என்று உங்கள் பாட்டி சொல்வார். பயத்தில் நாக்கும் தந்தி அடிக்கும். அவை இன்றும் அடிக்கின்றன. நிஜத் தந்தி மட்டும் 2013 ஜூலை 14 இரவோடு நின்றுபோனது. அன்று பலர் வரிசையில் நின்று, ஞாபகத்துக்காகத் தங்கள் முதலும் கடைசியுமான தந்தியை அனுப்பினார்கள்.

அட, ஒன்றை விட்டுவிட்டேனே! பழைய செய்யுள்களில் தந்தி என்றால் யானை. தந்தம் உடையது தந்தி. இது வேறு வேரிலிருந்து வந்த சொல். ஆகவே செய்யுளில் 'தந்தி வந்தது' என்று படித்தால் யாரும் அழ வேண்டாம், ஓடினால் போதும்!