முழங்காலில் வைத்த குருத்தெலும்பு எத்தனை காலம் தாங்கும்?

இரத்தினபுரி, கேகாலை மலைச்சரிவுகளில் கொழுந்துக் கூடையோடும் இறப்பர் பால் வாளியோடும் ஏறி இறங்குவோருக்கு முழங்கால் வலி புதிய விடயமல்ல. மண்சரிவுக்கு அஞ்சி லயத்தை விட்டு வெளியேறி, புதிய குடியிருப்பிலிருந்து நெடுந்தூரம் வேலைக்கு நடப்போர் அதனை இன்னும் நன்றாக அறிவர். முழங்காலுக்குள் புதிய குருத்தெலும்பு வைக்கும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டென்று கேள்விப்பட்டவர்கள், அது தமக்கும் உதவுமா என்று கேட்பது நியாயமே.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான வெண்படலமே குருத்தெலும்பு. பாடசாலைப் புத்தகங்களில் இதனைக் கசியிழையம் என்பர். இதற்குள் இரத்தக் குழாய் இல்லை. ஆகவே கையில் பட்ட கத்திக் காயம் போல் இது தானாக ஆறுவதில்லை. இதனை 1743இலேயே வில்லியம் ஹன்டர் என்ற வைத்தியர் இலண்டனில் எடுத்துக் கூறியிருந்தார்.

1987இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சன், மற்ஸ் பிரிட்பேர்க் குழுவினர் ஒரு வழி கண்டனர். நோயாளியின் முழங்காலிலேயே பாரம் குறைவாக விழும் இடத்திலிருந்து சிறு துண்டை எடுத்து, அதன் உயிரணுக்களை ஆய்வுகூடத்தில் சில வாரங்கள் பெருக்கி, இரண்டாவது சத்திரசிகிச்சையில் பள்ளத்தில் வைத்தனர். நாற்று மேடையில் வளர்த்து வயலில் நடுவது போலத்தான். முதல் 23 பேரின் விபரம் 1994இல் வெளியாயிற்று. தொடை எலும்பு முனையில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேர் இரண்டு ஆண்டுகளின் பின் நன்றாக இருந்தனர். முழங்கால் சில்லில் செய்யப்பட்ட 7 பேரில் இருவருக்கே நல்ல பலன் கிட்டியது.

நீண்ட காலத்தில் என்ன நடந்தது? சிகிச்சை பெற்று 10 முதல் 20 ஆண்டுகள் கடந்த 224 பேரின் பதில்களைப் பீட்டர்சன் குழுவினர் 2010இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 74 பேர் தம் நிலை முன்னரைவிட நன்று, அல்லது மாறாதிருக்கிறது என்றனர். நூற்றுக்கு 92 பேர் மீண்டும் இதையே செய்துகொள்வோம் என்றனர். ஆனால் கேட்டவர்களும் சிகிச்சை செய்தவர்களும் ஒரே குழுவினர் என்பதை மறக்கலாகாது.

நோர்வேயில் 80 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டாகப் பிரித்தனர். 40 பேருக்கு இந்தச் சிகிச்சை. மற்ற 40 பேருக்கு எலும்பில் நுண்துளைகள் இட்டு, மச்சையிலிருந்து இரத்தம் கசிந்து பள்ளத்தை மூடச் செய்யும் எளிய முறை. 2016இல் வெளியான 15 ஆண்டுக் கணக்கில், முதற் பிரிவில் 17 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 13 பேருக்கும் சிகிச்சை தோல்வி கண்டிருந்தது. இவ்வித்தியாசம் உறுதியான முடிவுக்குப் போதாது. எனினும், செலவு கூடியது என்பதற்காக அது மேலானதாகிவிடாது என்பது தெளிவு.

இது யாருக்கு உரியது? விழுந்தோ முறுகியோ ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்த இளவயதினருக்கு. இங்கிலாந்தின் தேசிய சுகாதார வழிகாட்டலும் 2017இல் இச்சிகிச்சையை ஏற்றபோது, மூட்டுத் தேய்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றே நிபந்தனை விதித்தது. முப்பது வருடம் மலையேறி முழு மூட்டும் தேய்ந்த அம்மாவுக்கு இது பயன்தராது. அந்த நிலை முற்றினால் உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டே வழி. நகையை அடகு வைக்குமுன் இந்த ஒரு வேறுபாட்டையாவது கேட்டறியுங்கள்.

பணத்தைவிடப் பெரிய செலவு காலம். ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றுகோல், பின்னர் மாதக்கணக்கில் இயன்மருத்துவப் பயிற்சி. பாரம் சுமந்து ஏறி இறங்க ஏறத்தாழ ஒரு வருடமாகும். நாட்சம்பளத்தில் வாழும் வீட்டில் அந்த ஒரு வருடத்தை யார் சுமப்பது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

விழுந்த பின் முழங்கால் வீங்கினால், மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், எண்ணெய் தடவி நாள் கடத்தாமல் இரத்தினபுரி அல்லது கேகாலை போதனா வைத்தியசாலையின் எலும்பியல் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. பள்ளம் எவ்வளவு பெரிது, எந்த இடத்தில், தசைநாரும் அறுந்துள்ளதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இலகு வேலை தேவையென்றால், அதற்கான கடிதத்தையும் அன்றே கேட்டு வாங்கித் தோட்டத் துரையிடம் கொடுங்கள்.