பல் போன இடத்தில் மீண்டும் ஒரு வேர்

ஏரிக்கரையில் பல்லுக்கு உள்ள வேலை

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டிற்குச் செல்லும் வழியில் உள்ள திருப்பாலைவனத்தின் பெயரைக் கேட்டவுடன் மணல்வெளியை நினைப்பவர்கள் உண்டு. ஆயினும் பாலை மரங்கள் அடர்ந்திருந்த வனம் என்பதே அப்பெயரின் பொருள் என்று அங்குள்ள திருப்பாலீஸ்வரர் ஆலயத்தின் ஸ்தல வரலாறு கூறும். அவ்வூரைக் கடந்து கிழக்கே சென்றால், சிலிகைக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படும் பழவேற்காட்டு ஏரியும், அதன் கரையிலும் கடலோரத்திலும் வரிசையாக அமைந்த மீனவர் குப்பங்களும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். படகும் வலையும் இல்லாத இருளர் குலப் பெண்கள், இடுப்பளவு நீரில் குனிந்தும் தவழ்ந்தும், சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறால் பிடிப்பதை அப்பகுதியில் காணலாம். இரண்டு கைகளும் நீருக்குள் இருக்க, பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியை எங்கே வைப்பது? பறியின் கயிற்றையோ விளிம்பையோ அவர்கள் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். மணிக்கணக்காக, நனைந்து கனத்த அந்தப் பறியின் பாரம் முழுவதையும் முன்பற்களே தாங்குகின்றன.

அவ்வாறு தொழில் செய்து முதுமையடைந்த ஒரு தாயை நான் கரையில் சந்தித்தபோது, அவருக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு இல்லை. எப்போது விழுந்தன என்று கேட்டேன். “பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கு முன்னாடியே போச்சுங்க. பல்லு போனா ஒரு கை போன மாதிரிதான்” என்றார். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தை அவர் குறிப்பிட்டார். பல்லை அழகின் அடையாளமாகவும் உணவை அரைக்கும் கருவியாகவும் மட்டுமே எண்ணிப் பழகிய எனக்கு, அது ஒருவருடைய மூன்றாவது கையாகவும் இருக்கக்கூடும் என்பது அன்றுதான் விளங்கிற்று. வலை பழுது பார்க்கும் ஆண்களும் அப்படியே. கத்தி பக்கத்தில் கிடந்தாலும் நைலான் நரம்பைப் பல்லால் கடித்து அறுப்பதே அவர்களுடைய வழக்கம். அதனால் சிலருடைய முன்பல் விளிம்பில், நூல் சென்று படியும் அளவுக்குச் சிறு பள்ளம் விழுந்திருப்பதைக் கூர்ந்து நோக்கினால் காணலாம். நண்டின் ஓட்டைக் கடித்து உடைப்பதும், வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வதும் இவற்றோடு சேரும்போது, நாற்பது வயதிலேயே பல் ஆடத் தொடங்குவதில் ஆச்சரியம் இல்லை.

பல் விழுந்தபின் எலும்புக்கு நேர்வது

பல் விழுந்த இடத்தில் ஒரு வெற்றிடம் மாத்திரம் உண்டாகிறது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். உண்மையில் அந்த இடத்துத் தாடை எலும்பும் பல்லைத் தொடர்ந்து தேயத் தொடங்கிவிடுகிறது. மெல்லும்போது பல்லின் வேர் தரும் அழுத்தமே அந்த எலும்புக்கு உயிர்ப்பு. அழுத்தம் நின்றுவிட்டால், இனி இதற்கு வேலையில்லை என்று சரீரமே அதைக் கரைத்துக்கொள்கிறது. பல் பிடுங்கிய ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பு மேட்டின் அகலத்தில் ஏறத்தாழப் பாதிவரை குறைந்துவிடக்கூடும் என்றும், அந்தத் தேய்மானத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்றும் பல் மருத்துவர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். பக்கத்துப் பற்கள் வெற்றிடத்தை நோக்கிச் சாய்கின்றன. எதிர்வரிசைப் பல் எதிரே தடுப்பார் இல்லாமல் நீண்டு இறங்குகிறது. கடலரிப்பினால் குப்பத்தின் முன்வரிசை வீடு போனபின் அடுத்த வரிசைக்கு அலை வருவதைக் கண்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, பல்லைப் பிடுங்கும் நாளிலேயே, “இந்த இடத்தில் பிறகு என்ன செய்யலாம்?” என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது மிகவும் அவசியம். வலி தீர்ந்தது போதும் என்று வீடு திரும்பி, பத்தாண்டுகள் கழித்துச் செல்பவருக்கு, எலும்பை முதலில் வளர்த்துக்கொண்ட பிறகே மற்றச் சிகிச்சை என்னும் நிலை நேரிடலாம். மேல்தாடையின் கடைவாய்ப் பகுதியிலோ, அந்தத் தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை கீழே இறங்கிவிடுவதால், அதன் அடித்தளத்தை உயர்த்தி எலும்புத்தூள் வைக்கும் தனிச் சிகிச்சையும் தேவைப்படலாம்.

சிப்பியும் டைட்டேனியமும்

இழந்த பல்லுக்குப் பதிலாக எலும்பிலேயே ஒன்றை ஊன்றிவிட வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் தேசத்தில் 1931-ஆம் ஆண்டு கிடைத்த, மாயா நாகரிக காலத்துக் கீழ்த்தாடை எலும்பு ஒன்றில், மூன்று பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் பல்லின் வடிவாகச் செதுக்கப்பட்ட சிப்பித் துண்டுகள் இருந்தன. சுமார் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த எலும்பைப் பின்னர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது; அதாவது, உயிரோடு இருந்த ஒருவருக்கே அது பதிக்கப்பட்டிருக்கிறது. கிளிஞ்சல் குவியல்களுக்கு நடுவே வாழும் பழவேற்காட்டு மக்களுக்கு இந்தச் செய்தி பிரியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இக்காலத்துச் சிகிச்சைக்கு வழிகோலியவர் ஸ்வீடன் தேசத்துப் பேராசிரியர் பெர்-இங்வார் பிரோனமார்க். 1952-ஆம் ஆண்டளவில், எலும்புக்குள் இரத்தம் ஓடும் விதத்தை ஆராய்வதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டேனியத்தாலான சிறு கருவி ஒன்றை அவர் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கருவியை எடுக்க முயன்றபோது, அது எலும்போடு எலும்பாக ஒட்டிப்போய் வர மறுத்தது. கருவி வீணாயிற்றே என்று விட்டுவிடாமல், அந்த ஒட்டுதலையே மனிதருக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டதுதான் அவருடைய மேதைமை. 1965-ஆம் ஆண்டு, பிறவியிலேயே அண்ணமும் தாடையும் குறையுற்றிருந்த யோஸ்டா லார்சன் என்பவருக்கு அவர் பதித்த டைட்டேனிய வேர்கள், 2006-ஆம் ஆண்டில் லார்சன் காலமாகும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு உழைத்தன.

உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை என்பது எஞ்சின் வைத்துப் படகு ஓட்டுபவர்களுக்குத் தெரியும். டைட்டேனியத்தின் மேற்பரப்பிலோ, காற்றுப் பட்ட மாத்திரத்தில் மிக நுண்ணிய ஆக்ஸைடு படலம் ஒன்று தானாகவே படர்ந்து காவலாக நின்றுவிடுகிறது. ஆகையினால் கடல்நீரும் உமிழ்நீரும் அதை அரிப்பதில்லை, எலும்பும் அதை அந்நியப் பொருளாகத் தள்ளுவதில்லை. இந்த உலோகத்தின் தாதுவான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கிறது.

சிகிச்சை நடைபெறும் கிரமம்

இம்பிளான்ட் என்று வழங்கும் இந்தச் செயற்கை அமைப்பில் மூன்று பகுதிகள் உண்டு: எலும்பினுள் இறங்கும் திருகாணி போன்ற வேர், அதன்மேல் பொருத்தும் இணைப்புத் தண்டு, வெளியே தெரியும் பல் தொப்பி. வேரானது பெரும்பாலும் சுமார் 4 மில்லிமீட்டர் விட்டமும் 10 மில்லிமீட்டர் நீளமும் உடையது. எலும்பின் உயரம், அகலம், கீழ்த்தாடையில் ஓடும் நரம்பின் தூரம் ஆகியவற்றை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து அளந்த பின்னரே, எந்த வேரை எங்கே எந்தக் கோணத்தில் இறக்குவது என்று மருத்துவர் நிர்ணயிப்பார்.

வேரை இறக்கும் தினத்தில் மரத்துப்போகும் ஊசி போடப்படும். மயக்கமருந்து பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. எலும்பில் துளையிடும்போது, நிதானமான வேகத்தில், குளிர்ந்த உப்புநீரை இடைவிடாமல் பாய்ச்சிக்கொண்டே செய்வார்கள். எலும்பின் வெப்பம் 47 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒரு நிமிஷம் நீடித்தாலே அங்குள்ள உயிரணுக்கள் இறந்துவிடக்கூடும். இறந்த எலும்பு எந்த வேரையும் பற்றாது. ஒரு வேருக்கு ஒரு மணி நேரத்திற்குள் வேலை முடிந்துவிடுவதே வழக்கம். பல் பிடுங்குவதைவிட இது எளிதாக இருந்தது என்று சொல்பவர்கள் பலர்.

பிறகு வேண்டுவது பொறுமை. எலும்பு அந்த வேரைப் பற்றிக்கொள்வதற்குக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதமும், மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதமும் ஆகலாம். அதன் பிறகே தொப்பி. எலும்பு திடமாக உள்ள சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் பொருத்துவதும் உண்டு. ஆனால் அது எல்லோருக்கும் ஏற்றதன்று. “மூன்றே நாளில் பல்” என்ற விளம்பரத்தைக் கண்டு செல்பவர்கள், தமக்கு அது பொருந்துமா என்பதை ஸ்கேன் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டறிய வேண்டும். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். தையல் பிரிக்கும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள்வரை, வாய்க்குள் ஏரிநீர் புகும்படி இறங்காதிருப்பது நல்லது. ஏரியில் எவருக்கு எந்த நாளில் வலை போடும் முறை என்று பாடு பிரித்துக்கொள்ளும் கிராமங்களில், தம் பாடு முடிந்த மறுநாளை இதற்குக் குறித்துக்கொண்டால் வருமானமும் கெடாது.

படகும் முளைக்கம்பும்

முன்னே சொன்ன தாய் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: “புதுப்பல்லு கட்டிக்கிட்டா பறியைக் கடிக்கலாமா?” மருத்துவர்கள் சொல்லக்கூடிய விடை, கூடாது என்பதுதான். அதன் காரணம் தெரிந்துகொள்ளத் தக்கது.

இயற்கைப் பல் எலும்பில் இறுகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே நுண்ணிய தசைநார்கள் இருக்கின்றன. நான்கு புறமும் கயிறு கட்டி நிறுத்திய படகு அலைக்கேற்ப அசைந்து கொடுப்பதுபோல, பல்லும் அந்த நார்களில் தொங்கியபடி, பாரம் வந்தால் இம்மியளவு நகர்ந்து கொடுக்கிறது. பாரம் அதிகமானால் வலியாக எச்சரிக்கையும் செய்கிறது. செயற்கை வேருக்கு அந்தக் கயிறுகள் இல்லை. அது ஏரியின் அடியில் அறைந்த முளைக்கம்பைப் போன்றது. நேர்மேலிருந்து வரும் பாரத்தை உறுதியாகத் தாங்கும். பக்கவாட்டில் ஓயாது இழுத்தால், சொல்லாமலே தளரும், அல்லது திருகு முறியும். சோறும் மீனும் மெல்லுவதற்கு அது இயற்கைப் பல்லுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. பறி தூக்குவதற்கும் நரம்பு அறுப்பதற்கும் அது வரவில்லை. இதை அவருக்குச் சொன்னபோது, பக்கத்திலிருந்த மருமகள், தம் பறியின் கயிற்றை இடுப்பில் இரு சுற்றுச் சுற்றி முடிந்திருந்ததைக் காட்டினார். பல் நன்றாக இருக்கும் இளையவர்களும் அவ்வாறே செய்வது, விழுந்த பின் ஊன்றும் எந்தச் சிகிச்சையைக் காட்டிலும் மேலான வைத்தியம் என்பது என் அபிப்பிராயம்.

யார் நிதானிக்க வேண்டும்

தகுந்தவரைத் தேர்ந்தெடுத்து முறையாகச் செய்யும் சிகிச்சையில், பத்தாண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட வேர்கள் நிலைத்து நிற்கின்றன. நிலையாமற்போவதற்குப் பெரும் காரணங்களுள் முதலாவது புகை. புகைப்பவர்களிடத்தில் தோல்வி ஏறத்தாழ இரு மடங்கு. ஈறுக்கு வரும் இரத்தத்தைப் புகை சுருக்கிவிடுவதே காரணம். பாக்கோடு புகையிலை சேர்ந்த மாவாவை அடக்குபவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு; கன்னத்தின் உட்புறம் நாளடைவில் நாராக இறுகி, வாயைத் திறக்கவே முடியாமற்போனால், கருவியை உள்ளே செலுத்துவதற்கும் வழியிராது. அந்த இறுக்கம் புற்றுநோயின் முன்னோடியாகவும் இருக்கக்கூடும் என்பதால், ஆறாத புண்ணோ வெண்படலமோ தெரிந்தால் பல்லைப் பற்றிய யோசனையை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதைக் காட்ட வேண்டும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின் தாராளமாகச் செய்துகொள்ளலாம். எலும்புத் தேய்மானத்திற்கு ஊசியோ மாத்திரையோ பெறுபவர்களும், தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுப் பெற்றவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிட்டுச் செல்லவும் கூடாது. வளர்ச்சி முடியாத பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இது பொதுவாகச் செய்வதில்லை.

ஊன்றிய வேருக்குச் சொத்தை வராது. ஆனால் கவனிக்காவிட்டால் சுற்றியுள்ள ஈறு அழற்சியுறும். வலியின்றியே அழுக்குப் படிந்து, எலும்பு கரைந்து, ஒருநாள் வேர் ஆடும். சாம்பல், கரி, செங்கல்தூள் ஆகியவற்றை விட்டு, மிருதுவான பிரஷ்ஷினால் காலையும் இரவும் தேய்ப்பதும், தொப்பியின் அடிப்பகுதியை பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ்ஷினால் சுத்தம் செய்வதும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவதும் அதற்குரிய காவல்கள்.

செலவும் செல்லும் இடமும்

தனியார் மருத்துவமனைகளில் ஒரு வேருக்கும் தொப்பிக்குமாகச் சுமார் 25,000 ரூபாய் முதல் 60,000 ரூபாய்வரை ஆகிறது. இறால் தடவி வாழும் குடும்பத்திற்கு இது பெருந்தொகை என்பதில் இரண்டாவது பேச்சில்லை. எனவே ஒரு சிறு உண்மையைச் சொல்லிவிட விரும்புகிறேன்: எல்லாப் பற்களையும் இழந்தவருக்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு வேர் வேண்டியதில்லை. கீழ்த்தாடையில் இரண்டே வேர்கள் ஊன்றி, அவற்றின்மேல் கழற்றி மாட்டும் பல்செட்டைப் பொருத்தினால், வழுக்காமல் உணவருந்தலாம்; பற்களற்ற கீழ்த்தாடைக்கு முதலில் தேர்ந்தெடுக்கத்தக்க சிகிச்சை இதுவே என்று 2002-ஆம் ஆண்டு கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். ஓரிரு பற்கள் மட்டும் போயிருந்தால், இருபுறத்துப் பற்களையும் செதுக்கி நடுவில் பாலம் கட்டுவதும், வெறும் கட்டுப்பல் போடுவதும் மலிவான மாற்றுவழிகள். அவற்றைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து கோட்டை ரயில் நிலையத்தின் அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில் இல்லை. எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, புதிய வேரை அது ஏற்குமா, கட்டுப்பல்லே போதுமா என்பதை அங்கே பரிசோதித்துச் சொல்வார்கள். போகும்போது சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளின் அட்டைகளையும், பழைய மருந்துச் சீட்டுகளையும், முன்பு எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டே செல்லுங்கள்.