குடிநோய்க்கு உதவி நாடுவதில் ஆணும் பெண்ணும்

2019-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வறிக்கையின்படி, 10 வயது முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில், ஆண்கள் நூற்றுக்கு 27.3 பேரும் பெண்கள் 1.6 பேரும் மது அருந்துகிறார்கள். மதுவுக்கு அடிமைப்பட்டவர்களிலோ, 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒருவகைச் சிகிச்சையோ உதவியோ பெற்றதாகக் கூறியிருக்கிறார். அந்தச் சொற்பத் தொகையினரிடையே பெண்ணின் முகத்தைக் காண்பது அபூர்வம்; குடிக்கும் பெண்கள் குறைவு என்பது மட்டுமே அதற்குக் காரணமாகாது.

தானாக வராத ஆண்

ஆண் பெரும்பாலும் அழைத்து வரப்படுகிறவன். காலையில் எழுந்ததும் கை நடுங்குவதும், அந்நடுக்கத்தைத் தணிக்கவே மறுபடியும் குடிப்பதும் நோயின் லக்ஷணங்கள் என்று அறியாமல், நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன் என்று வீறாப்புப் பேசி, மஞ்சள் காமாலையோ ரத்த வாந்தியோ கண்டபின், மனைவியோ தாயோ கையைப் பிடித்து இழுக்க, ஆஸ்பத்திரிப் படியேறுகிறவர்களே அதிகம். ஆயினும், அவன் குடிப்பது ஊரறிந்த விஷயமாதலால், வந்துவிட்டால் யாரும் அவனை வியப்போடு பார்ப்பதில்லை.

நோயைச் சொல்லாத பெண்

பெண் வைத்தியரிடம் போகத்தான் செய்கிறாள். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது என்றெல்லாம் முறையிடுகிறாள். மதுவைப் பற்றி அவள் சொல்வதில்லை, குடும்ப ஸ்திரீயிடம் அதைக் கேட்பது அநாகரிகம் என்றெண்ணி அவரும் கேட்பதில்லை. இந்தப் பரஸ்பர மரியாதை சில சமயம் பிராணாபாயமாக முடியக்கூடும். ஏனெனில், தூக்கத்துக்கென்று தரப்படும் சில மாத்திரைகள் மதுவோடு சேரும்போது சுவாசத்தையே ஒடுக்கிவிடும். கஷ்டம் தாங்காமல் குடிக்கிறான், பாவம் என்று ஆணுக்காக இரங்கும் அதே வாய், பெண்ணின் விஷயத்தில் நடத்தையைச் சந்தேகிக்கிறது. மகளுக்கு வரன் அமையாதோ என்ற கவலை வேறு அவளை வாய் திறக்க விடுவதில்லை.

இத்தாமதத்தை அவள் தேகம் பொறுக்காது. பெண்ணுடலில் நீரின் விகிதம் குறைவாதலால், சம எடையுள்ள ஆண் அருந்தும் அதே அளவு மது அவள் ரத்தத்தில் அதிகச் செறிவோடு கலக்கிறது; ஆணைக் காட்டிலும் குறைந்த வருஷங்களிலேயே கல்லீரல் கெடுகிறது.

துணைக்கு இருப்பவர் யார்?

சென்னையில் 1980-ஆம் ஆண்டு குடிநோய்ச் சிகிச்சை நிலையமொன்றை நிறுவிய சாந்தி ரங்கநாதன், குடியினால் கணவரைப் பறிகொடுத்தவர். அந்நிலையத்தைப் போலக் குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது சாலச் சிறந்த முறைதான்; ஆனால், நோயாளி ஆண் என்றும் துணையிருப்பவள் மனைவி என்றும் நாம் பழகிவிட்டோமே! நோயாளியே மனைவியானால், அடுப்பையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டு, வேலைக்கு விடுப்பெடுத்து, வாரக்கணக்கில் உடனிருக்கும் கணவர் எத்தனை பேர்? அமெரிக்காவில் ஜீன் கர்க்பாட்ரிக் என்ற பெண்மணி, தாமே குடியிலிருந்து மீண்டவர், 1975-ஆம் ஆண்டு பெண்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார்; குடியிலிருந்து மீள்வோர் சங்கங்களில் வழங்கிவந்த, அகந்தையை அடக்கும் போதனையைவிட, குற்ற உணர்வால் குன்றிப்போன பெண்ணுக்குத் தன்மதிப்பை மீட்டுத் தருவதே முதற்காரியம் என்பது அவர் கொள்கை. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

செய்யத்தக்கது

அபவாதத்துக்கு அஞ்சி, பெண்ணை வீட்டிலேயே அடைத்துவைத்துக் குடியை நிறுத்திவிடலாம் என்று சில குடும்பங்கள் கருதுகின்றன. ஆனால், நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர், ஆணாயினும் பெண்ணாயினும், வைத்தியரின் மேற்பார்வையின்றித் திடீரென நிறுத்தலாகாது. வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம். பேசுகிறவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டுமென்ற நியதி கிடையாது. கணவரோ மகளோ சகோதரியோ அழைத்து யோசனை கேட்கலாம்.