அம்மாவுக்கு அமெரிக்க விசா: மனுப் போடுவது மகன்! முடிவு செய்வது யார்?

வேலூர்:

"அம்மா, நீ அங்கே தனியா கிடக்க வேணாம். உன்னை இங்கேயே கூட்டிக்கிறேன்."

கடல் கடந்து வரும் போனில் இந்த ஒரு பேச்சு போதும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்தில் ஒரு வீடே பரபரப்பாகி விடும். சேதி தெரு முழுக்கப் பரவும். "இனிமே உங்களுக்கு என்னம்மா குறை? ராணி மாதிரி இருப்பீங்க" என்பார்கள் அக்கம்பக்கத்தார்.

அந்த அம்மா மனசில் என்ன இருக்கிறது? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை!

பெற்றோரை அழைத்துக்கொள்ள மனுப் போடுவது எப்படி? யார் போடலாம்? எங்கே சிக்கல்? போன பிறகு என்ன ஆகும்? போன் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் இவை.

பறந்த பிள்ளைகள்

பாலாற்றங்கரை ஊர்களில் அப்பாக்கள் சுண்ணாம்புத் தொட்டியிலும் தோல் கிடங்கிலும் பாடுபட்டார்கள். அம்மாக்கள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தார்கள். "நம்ம பாடு நம்மளோட போகட்டும்" என்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

படிக்க இடமும் பக்கத்திலேயே இருந்தது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தொடங்கியது. வேலூரில் 1984-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரிதான் இன்றைய வி.ஐ.டி. பல்கலைக்கழகம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பயின்ற டாக்டர்களும் நர்சுகளும் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

பிள்ளைகள் பறந்தார்கள். பெற்றோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

ஒரு காலத்தில் 100 பேர்தான்!

அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு 1946-ல் கொடுத்த ஒதுக்கீடு எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 100 பேர்! மொத்த இந்தியாவுக்கும் சேர்த்துத்தான்.

1965 அக்டோபர் 3-ந் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதிலிருந்துதான் கதவு திறந்தது. 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனின் தாய் தந்தையருக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது என்றது அந்தச் சட்டம். இன்றைக்கும் அதுதான் நடைமுறை.

இதில் ஒரு வார்த்தையை அடிக்கோடு போட்டுப் படிக்க வேண்டும். "குடிமகன்" என்ற வார்த்தைதான் அது.

மகன் அமெரிக்காவில் வேலை பார்த்தால் போதாது. வீடு வாங்கினாலும் போதாது. கிரீன் கார்டு வைத்திருந்தாலும் போதாது! கிரீன் கார்டு உள்ளவர் மனைவிக்கும் மணமாகாத பிள்ளைகளுக்கும் மனுப் போடலாம். பெற்றோருக்குப் போட முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வேலை விசாவில் போன மகன் 2013-ல் கிரீன் கார்டு வரிசையில் நின்றார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அம்மாவுக்கு வயது 55.

மேற்படிப்பு படித்த இந்தியர்களுக்கான வரிசையில் 2025-ஆம் ஆண்டில் 2013-ல் நின்றவர்களைத்தான் கூப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். கிரீன் கார்டு வந்தபின் பொதுவாக 5 ஆண்டு கழித்துத்தான் குடியுரிமை கேட்கலாம். அதாவது 2030. அப்போது அம்மாவுக்கு 72!

அதுவரை அம்மா சுற்றுலா விசாவில்தான் போய் வரலாம். ஒரு தடவை போனால் வழக்கமாக 6 மாதம் வரை தங்க விடுவார்கள். பேரன் பிறந்தால் ஒரு பயணம், பேத்தி பிறந்தால் ஒரு பயணம்.

மனு எப்படி நகரும்?

மகன் குடிமகனாகி விட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஐ-130 என்ற மனுவை அவர் அமெரிக்காவில் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாவுக்கு ஒரு மனு. அப்பாவுக்குத் தனியாக இன்னொரு மனு. ஒரே மனுவில் இரண்டு பேரையும் சேர்க்க முடியாது.

மனு ஏற்கப்பட்டதும் விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டணம், படிவம், ஆவணம். பிறகு மருத்துவப் பரிசோதனை. மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய் அறிகுறி இருந்தால் சளிப் பரிசோதனை முடிவு வரவே சுமார் 8 வாரம் ஆகும். கடைசியில் நேர்காணல். இந்தியாவில் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில்தான். காட்பாடியில் ரயில் ஏறத் தயாராக இருக்க வேண்டும்.

செலவு? 2024 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட கட்டணத்தையும் சேர்த்தால் ஒரு ஆளுக்கு அமெரிக்க அரசுக்குக் கட்டுவது மட்டும் சுமார் 1,300 டாலர். மருத்துவம், டிக்கெட், மும்பை செலவு தனி. "ஆபீசுக்குள்ளே நமக்கு ஆள் இருக்கு, சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்" என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பி விடுங்கள்!

மகன் ஓர் உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவை நான் காப்பாற்றுவேன் என்பது அது. அதற்கு வருமானம் காட்ட வேண்டும். மகன், மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என 5 பேர் என்றால் 2025 கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 47 ஆயிரம் டாலர். இது வெறும் சடங்கு அல்ல. சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தும்.

சிக்கல் இருப்பது நம்ம ஊரில்!

இத்தனையும் அமெரிக்காவில் நடக்கிற வேலை. ஆனால் பல மனுக்களின் தலையெழுத்து நம்ம ஊர் நகராட்சி அலுவலகத்தில்தான் இருக்கிறது.

இவர்தான் அம்மா என்று நிரூபிக்க மகனின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் அம்மா பெயர் இருக்க வேண்டும். 1970-களிலும் 80-களிலும் எத்தனை பிரசவம் வீட்டில் நடந்தது! மருத்துவச்சி வந்தார், குழந்தை பிறந்தது, அதோடு சரி. பதிவு செய்த வீட்டிலும் "ஆண் குழந்தை" என்று மட்டும் எழுதியிருக்கும். பெயர் இருக்காது. அம்மா பெயர் ஒன்றில் பாத்திமா பீ, இன்னொன்றில் பாத்திமா பேகம். ஒன்றில் லட்சுமி, இன்னொன்றில் லட்சுமியம்மாள்.

பிறப்பே பதிவாகவில்லை என்றால், "பதிவேட்டில் இல்லை" என்ற சான்றைப் பதிவாளரிடம் வாங்க வேண்டும். அதோடு பள்ளிச் சான்றிதழ், பிறந்த விவரம் தெரிந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால், மரபணுப் பரிசோதனை செய்து காட்டலாம் என்று அதிகாரிகள் சொல்வதும் உண்டு. பெற்றெடுத்த தாய் ரத்த உறவை நிரூபிக்கச் சோதனைச் சாலைக்குப் போக வேண்டியிருக்கும்!

அப்பாவுக்கு மனு என்றால் பெற்றோரின் திருமணச் சான்றும் தேவை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமே 2009-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறைக்குக் கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும், ஜமாத் நிக்காஹ் பதிவேடும்தான் சாட்சி.

இன்னொன்று இனிஷியல். நமக்கு அப்பா பெயர்தான் தலையெழுத்து. அமெரிக்கப் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். பாஸ்போர்ட், ஆதார், பான் கார்டு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறக்க வேண்டாம். ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழைய சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்றோ வட ஆற்காடு என்றோ இருக்கும். அது தவறு அல்ல. கேட்டால் விளக்கம் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

தங்கச்சி கதி என்ன?

இனிதான் நெஞ்சை அடைக்கும் விஷயம்.

ஆம்பூரில் ஒரு விதவைத் தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்த மகன் அமெரிக்கக் குடிமகன். கடைசி மகள் கல்யாணமாகாமல் ஷூ கம்பெனிக்குப் போய் வருகிறாள். அம்மாவும் மகளும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

அண்ணன் போடும் மனுவில் அம்மா மட்டும்தான் போகலாம். தங்கச்சியை அந்த மனுவோடு ஒட்ட முடியாது. உடன்பிறந்தவருக்கென்று தனி மனு உண்டு. ஆனால் இந்தியர்களுக்கான அந்த வரிசையில் 2025-ல் கூப்பிட்டது 2006-ல் போட்ட மனுக்களை!

"நான் போய் கிரீன் கார்டு வாங்கி, என் பொண்ணுக்கு நானே மனுப் போடுறேன்" என்று அம்மா சொல்லலாம். போடலாம். மணமாகாத மகளுக்குத்தான் அந்த மனு. வரிசை ஏறக்குறைய 9 ஆண்டு. அம்மா கிரீன் கார்டில் இருக்கும்போதே மகளுக்குத் தாலி ஏறினால் மனு செல்லாமல் போய்விடும்! மகள் கல்யாணம் செய்துகொள்ளாமல் காத்திருக்க வேண்டுமா? எந்தத் தாய்க்கு மனசு வரும்?

சட்டத்தின் கண்ணுக்கு அம்மா தனி ஆள். நமக்கு அம்மா என்றால் ஒரு வீடு.

போன பிறகு?

"ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கே இருந்துக்கறேன்" என்று பல பேர் சொல்கிறார்கள். கிரீன் கார்டு அதற்காகக் கொடுப்பது அல்ல. அங்கேயே வாழ்வதற்காகக் கொடுப்பது. 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கேள்வி வரும். முன் அனுமதி இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் அதை வைத்துத் திரும்பிப் போக முடியாது. போய் வரத்தான் ஆசை என்றால் சுற்றுலா விசாவே மேல். ஆனால் குடியேற்ற மனு போட்டுவிட்டால், அதன்பின் சுற்றுலா விசா கிடைப்பதும் கஷ்டமாகலாம்.

அடுத்தது வைத்தியம். 65 வயதானவருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர, அங்கே வேலை செய்யாத பெற்றோர் பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதற்கும் மாதச் சந்தா உண்டு. அதுவரை மகன் தனியார் காப்பீடு எடுக்க வேண்டும். சர்க்கரைக்கும் மூட்டு வலிக்கும் பஸ் ஏறி வேலூர் போய் வந்த அம்மாவுக்கு இது புது உலகம்.

ஒரு பயத்தைப் போக்கி விடலாம். கிரீன் கார்டு வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடாது. ஆனால் அங்கே நிலையாகக் குடியேறினால் இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். பி.எப். பென்ஷன் வாங்குபவர் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும்.

மற்ற நாடுகளில்?

கனடாவில் பெற்றோரை அழைக்க 2019 ஜனவரியில் இணையத்தில் விண்ணப்பம் திறந்தார்கள். சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிட்டது! அங்கே அழைக்கிற பிள்ளை பொதுவாக 20 ஆண்டுக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். 5 ஆண்டு வரை தங்கும் நீண்டகாலப் பார்வையாளர் விசா தனியாக உண்டு.

பிரிட்டன் 2012 ஜூலையில் கதவை ஏறக்குறைய சாத்திவிட்டது. குளிக்க, உடுக்கக்கூட ஆள் தேவைப்படும் நிலையில் பெற்றோர் இருக்க வேண்டும். அந்தக் கவனிப்பு சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் காட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பெரிய தொகை கட்டாத பெற்றோர் விசாவுக்கு 30 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று அந்நாட்டு அரசே சொல்கிறது. 65 வயதில் மனுப் போட்டால் 95!

வளைகுடா நாடுகளில் மகனின் வேலையோடு கட்டிய விசாதான். துபாயில் பெற்றோர் விசாவை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். வேலை போனால் எல்லோருமே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ராணிப்பேட்டையில் பிறந்த மகள்

இதே மண்ணில் ஒரு தலைகீழ்க் கதையும் உண்டு. அமெரிக்கப் பாதிரியார் குடும்பத்தில் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணமே அவருக்கு இல்லை. திண்டிவனத்தில் இருந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் 1890-ல் வந்தார். பிரசவத்துக்கு உதவி இல்லாமல் பெண்கள் சாவதை அங்கே கண்டார். திரும்பிப் போய் டாக்டருக்குப் படித்து வந்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சை தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி.

எல்லாப் பிள்ளைகளாலும் அப்படித் திரும்பி வர முடியாது. வேலை, வீட்டுக் கடன், அங்கே பள்ளிக்குப் போகும் குழந்தைகள்... அதைக் குறை சொல்ல நியாயம் இல்லை. பேரப்பிள்ளைகளோடு கடைசிக் காலத்தைக் கழிக்க ஆசைப்படும் பெற்றோரும் ஏராளம். அவர்களுக்கு இந்த மனு பெரிய வரம்தான்.

ஆனால் வரம் வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் போட்டு, உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் "உன் இஷ்டம்ப்பா" என்றுதான் அம்மா சொல்வார். அது சம்மதம் ஆகாது. ஊருக்கு வரும்போது ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தங்கச்சியை என்ன செய்வது, வீட்டை யார் பார்ப்பது, அப்பாவின் வருஷ திதியோ பாத்திஹாவோ யார் செய்வது என்று அவர் மனசில் ஒரு பட்டியல் இருக்கும். அதற்குப் பதில் சொல்லி, அவர் வாயால் "வர்றேன்" என்ற பிறகு மனுவை நிரப்புங்கள்.

அதற்குள் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் சரியாக இருக்கிறதா என்று நகராட்சியில் ஒரு தடவை பார்த்து வைத்துவிடுங்கள். போனாலும் போகாவிட்டாலும் அது உதவும்.