கோபமும் நோயின் அறிகுறியாகலாம்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களின் குடும்பத்தார், நோயாளி அறையை விட்டு வெளியேறிய பிறகே எங்களிடம் சிலவற்றைச் சொல்கின்றனர். "எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்" என்பது அவற்றுள் ஒன்று.

இந்நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளைச் சூழ்ந்துள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. கால் தளர்வதற்கு அதுவே காரணம் என்றால் எவரும் ஏற்பர். அதே பாதிப்பு உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளில் நேர்ந்தால் நடத்தையும் மாறும் என்பதை ஏற்கத்தான் தயங்குகிறோம். திமிர், சோம்பல் என்று பெயரிட்டு விடுகிறோம்.

இந்நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். சிலரிடம் அது அழுகையாக அன்றி எரிச்சலாகவே வெளிப்படும். வேறு சிலர் துக்க வீட்டில் தம்மை மீறிச் சிரித்துவிட்டுக் கூனிக் குறுகிப் போவார்கள். உள்ளத்தில் துயரம் இருக்க, முகம் மட்டும் கட்டுப்பாட்டை இழக்கும் நிலை இது. இதற்கு மருந்து உண்டு; கேட்க வெட்கப்பட வேண்டாம். 1868இல் இந்நோயைத் தெளிவாக விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோவே மனநிலை மாற்றங்களையும் கவனித்திருந்தார்.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். உடல் வெப்பம் சற்றே உயர்ந்தாலும் உறை சிதைந்த நரம்புகளில் செய்தி தடுமாறும். சித்திரை வெயிலில் மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்து வீடு திரும்பியவரிடம் உடனே வரவு செலவு பேசாதீர்கள். உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் தெளிவு திரும்பும். முக்கியமான பேச்சுகளைக் காலை வேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆயினும், ஓரிரு நாளில் திடீரெனத் தோன்றும் குழப்பத்தையோ மூர்க்கத்தையோ வெயிலின் மீது போட்டுவிடலாகாது. சிறுநீர்த் தொற்றோ நோயின் புதிய தாக்கமோ காரணமாகலாம். ஸ்டீராய்டு மருந்தும் உறக்கத்தைக் கெடுத்துச் சினத்தைத் தூண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், மாற்றம் தொடங்கிய நாளையும் அப்போது உட்கொண்ட மருந்துகளையும் குறித்து வந்து காட்டுங்கள். முடிந்தால் நோயாளியின் முன்னிலையிலேயே பேசுங்கள். தம்மைப் பற்றி மறைவில் பேசப்படுவதை அவர் அறியாமலா இருப்பார்?

நோயே காரணம் என்பதற்காக அடியையும் வசவையும் பராமரிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அதையும் எங்களிடம் சொல்லுங்கள். "இருந்து என்ன பயன்" என்னும் சொல்லைக் கேட்டால் மறு பரிசோதனை நாள்வரை காத்திராதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே அழைத்து வாருங்கள். நள்ளிரவாயினும் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.