ஹொக்கியா, துடுப்பாட்டமா? எம்.ஜே. கோபாலனின் 1936

வில்கமுவ போன்ற ஊர்ப் பாடசாலைகளில் ஓட்டம், கரப்பந்து, உதைபந்து எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே மைதானம்தான். நன்றாக ஓடும் பிள்ளையை எல்லா அணியிலும் சேர்த்துக்கொள்வார்கள். மாகாண மட்டத்தைத் தாண்டும்போதுதான், "ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்ற அறிவுரை வருகிறது. நூறு வருடங்களுக்கு முன் அப்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பிரான்ஸின் ஃபிரான்ட்ஸ் ரைஷெல் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தடைதாண்டி ஓடினார். 1900 பாரிஸில் றக்பி அணியோடு தங்கம் வென்றார். இங்கிலாந்தின் பெயர்பெற்ற கோல் காப்பாளர் வில்லியம் ஃபோல்க், 1900இல் டெர்பிஷயர் அணிக்காகத் துடுப்பாட்டமும் ஆடினார். குளிர்காலத்துக்கு உதைபந்து, கோடைக்குத் துடுப்பாட்டம் என்று பருவங்கள் பிரிந்திருந்தன. பல கழகங்கள் எல்லா விளையாட்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்தின. முழுநேரப் பயிற்சி என்ற பேச்சும் அன்று பெரிதாக இல்லை.

நம் பக்கத்தில் அந்தத் தலைமுறையின் முழு உருவம் மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன். செங்கல்பட்டுப் பகுதியில் 1909இல் பிறந்து, சென்னை திருவல்லிக்கேணியில் ஆடி வளர்ந்தவர். வேகப்பந்து வீசும் இந்த இளைஞனை அடையாளம் கண்ட ஆங்கிலேயத் துடுப்பாட்டக்காரர் சி.பி. ஜான்ஸ்டன், பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். விளையாட்டு சோறு போடாத காலத்தில் மைதானத்துக்குப் போகவிடும் ஒரு வேலை எவ்வளவு பெரிய விஷயம்!

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். கிடைத்தது ஒரு விக்கெட். அதே வருடம் நவம்பர் 4ஆம் திகதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அது. அதன் முதல் பந்தை வீசிய கை கோபாலனுடையது. ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது.

ஹொக்கியும் ஆடிவந்த கோபாலன், அடுத்த வருடமே ஹொக்கி மட்டையோடு கப்பலேறினார். தியான் சந்த் தலைமையில் 1935இல் நியூசிலாந்து போன இந்திய அணி, அந்தப் பயணத்தில் ஆடிய 48 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

பிறகு வந்தது 1936. உள்ளூரில் இரண்டு ஆட்டங்களையும் சமாளித்துவிடலாம். கப்பற்பயணத்தோடு சேர்ந்து மாதக்கணக்கில் நீளும் சுற்றுப்பயணங்களைச் சமாளிக்க முடியாது. பெர்லின் ஒலிம்பிக்கும் துடுப்பாட்ட அணியின் இங்கிலாந்துப் பயணமும் ஒரே கோடையில் வந்தன. கோபாலன் ஹொக்கித் தெரிவுப் போட்டிகளை விட்டுவிட்டு இங்கிலாந்து போனார். விஜயநகரம் மகாராஜகுமாரின் அணியில் பூசல் மிகுந்து, லாலா அமர்நாத் பாதியில் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூடக் கோபாலனுக்கு இடமில்லை. ஓகஸ்ட் 15ஆம் திகதி பெர்லினில் இந்திய ஹொக்கி அணி ஜேர்மனியை 8-1 என வீழ்த்தித் தங்கம் வென்றது.

அவர் தவறாக முடிவெடுத்தார் என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெஸ்ட் ஆடிய ஒரு பந்துவீச்சாளர், தன் ஆட்டத்தின் தாய்வீட்டுக்கு அழைப்பு வந்தபோது போனார். வெளியே உட்கார வைத்தது மற்றவர்கள். அந்தப் பழியை அவர்மேல் போடுவது நியாயமில்லை.

அதன்பின் சென்னை அணித் தலைவராகவும் இந்தியத் தேர்வாளராகவும் இருந்தார். 2003 டிசம்பரில் காலமானபோது, உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களில் அவரே மூத்தவராகக் கருதப்பட்டார்.

இலங்கையர் அவரை நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. அவர் பெயரிலான கோபாலன் கோப்பைக்காகச் சென்னையும் இலங்கையும் 1953 முதல் மோதிவந்தன. 1981இல் டெஸ்ட் தகுதி கிடைக்கும்வரை, நம் வீரர்கள் வெளிநாட்டு அணியோடு முதல்தர ஆட்டம் ஆடக் கிடைத்த சில வாய்ப்புகளில் அதுவும் ஒன்று.