காவல் துவக்கும் கட்டுத்துவக்கும்

சோளம் பால் பிடிக்கும் நாட்களில் காட்டோரக் கிராமங்களில் யாரும் நிம்மதியாக உறங்குவதில்லை. பன்றிக் கூட்டம் ஓர் இரவு இறங்கினால் போதும்; அடகு வைத்த நகையும் மூன்று மாத உழைப்பும் விடிவதற்குள் போய்விடும். மரவள்ளிக்கும் கச்சானுக்கும் இதே கதிதான். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிட நேரத்தில் நாடெங்கும் குரங்குகளும் மயில்களும் மரஅணில்களும் எண்ணப்பட்டன. பன்றி அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. அது இரவில் வருவதாயிற்றே!

ஆகவே விவசாயி துவக்கைத் தேடுவதை நாம் குறைகூற முடியாது. எந்தத் துவக்கு என்பதுதான் கேள்வி.

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பண்ணையாளர்கள் முயல்களைச் சுடப் பாவிப்பது .22 றைபிள். அதன் குழல் துளை 5.6 மில்லிமீற்றர்தான்; ஈயச் சன்னத்தின் நிறை மூன்று கிராமுக்கும் குறைவு. தோட்டாவின் விலை குறைவு, சத்தமும் குறைவு. சின்னதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. குறி தவறிய சன்னம் ஒரு மைலுக்கு அப்பாலும் போகக்கூடும். மனித நடமாட்டமில்லாத புல்வெளிக்கு அது பொருந்தலாம். நமது பகுதிகளில் வயலை அடுத்து வாடி, வாடியை அடுத்துக் குளக்கட்டு, குளக்கட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர். பன்றிக்கோ அந்தச் சன்னம் போதாது. காயத்துடன் ஓடிய பன்றி, மறுநாள் விறகுக்குப் போகிறவர் மேல் பாயும்.

நம் நாட்டில் பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் வழமையாக வைத்திருப்பது 12 போர் ஷொட்கன். அதன் சன்னங்கள் சில நூறு யாருக்குள் விழுந்துவிடும். 1916ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் இன்றும் துவக்குகளை ஆளுகிறது; அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் விவசாயிகளின் துவக்குகள் பல கைவிட்டுப் போயின. திரும்பப் பெறுவது கந்தோர் கந்தோராக அலையும் வேலை. கூலிக்குப் போகிற நாளை இதற்காக இழக்க எத்தனை பேரால் முடியும்?

இந்த இடத்தில்தான் கட்டுத்துவக்கு வந்து சேர்கிறது. களவாகச் செய்த துவக்கை மிருகம் வரும் தடத்தில் கட்டி, குறுக்கே கம்பியை இழுத்துவிட்டு, ஆள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறார். கையில் துவக்கோடு பரணில் இருப்பவர் ஒரு கணமாவது பார்த்துத்தான் விசையை இழுப்பார். கம்பி பார்ப்பதில்லை. தேன் எடுக்கப் போனவரும் மாடு தேடிப் போன பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் பெரும்பாலும் காலில்தான் வெடி படும். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, காலையே இழந்தவர்கள் உண்டு. நெற்கூலியையும் மீன்பிடியையும் நம்பிய குடும்பத்தில் கால் போனால் எல்லாமே போனதுதான். தீனிக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடியும் இதன் தம்பிதான். யானைக் கன்று அதைக் கடித்துத் தாடை சிதைந்தால் தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகிறது.

துவக்குள்ள வீட்டுக்காரருக்கும் சில வார்த்தைகள். தோட்டாவைத் துவக்கிலிருந்து பிரித்து வேறிடத்தில் பூட்டி வையுங்கள். நெற்றி விளக்கில் மின்னும் கண்ணை மட்டும் கண்டு சுட வேண்டாம். பன்றியென்று எண்ணி மனிதரைச் சுட்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன. பரண் காவலைத் தனியாளாக இழுக்காமல் நாலைந்து காணிக்காரர் முறைவைத்துப் பிரித்துக்கொண்டால், யார் எந்தப் பரணில் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அரைவாசி விபத்து அதிலேயே தவிர்ந்துவிடும் என்பது எமது எண்ணம்.

யாருக்காவது கட்டுத்துவக்கு வெடி பட்டுவிட்டால், சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து விடாமல் அழுத்துங்கள். உள்ளே போன இரும்புத் துண்டுகளைத் தோண்டி எடுக்க வேண்டாம். மண்ணோ, கோப்பித் தூளோ, பச்சிலையோ அப்ப வேண்டாம். காலை அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பொலிசுக்குப் பயந்து, வேலி வெட்டும்போது பட்ட காயம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வெடிக்காயம் என்று தெரிந்தால்தான் வைத்தியர் உள்ளே கிடக்கும் துண்டுகளைத் தேடுவார். ஏற்புவலித் தடுப்பூசியையும் தாமதமின்றிப் போடுவார். கட்டியவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்தால், அதே தடத்தில் வேறு கம்பிகள் உண்டா என்று அன்றிரவே அவரிடம் கேளுங்கள்.